தையல் மெஷின் நின்ற வரிகள்

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் என்னிடம் முதலில் கேட்பது, எந்த அகராதி நல்லது என்பதுதான். என்னிடம் இருந்தது நல்ல அகராதி. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்கும் பொருள் தப்பாமல், என் முதல் புத்தகத்தில் நாற்பது பக்கங்களைக் கெடுத்தேன். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் ஒரு கல்லூரிக்குப் பிரெஞ்சு ஆசிரியையாகப் போனேன். பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. தருமபுரியில் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள் ஒரு வருடம் ஆறு பேர், அடுத்த வருடம் நான்கு பேர். மதிப்பெண் எளிதாக வரும் என்று யாரோ சொல்லி வந்தவர்கள். மீதி நேரத்துக்கு என்னை நூலகத்தில் உட்கார வைத்தார்கள். பேச்சுத்துணை இல்லை. அந்த வெறுமையில்தான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

எடுத்துக்கொண்டது ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் பிறந்த ஒருவர் பிரெஞ்சில் எழுதிய நாவல். எனக்குப் பாடம் சொன்னவர்கள் பிரெஞ்சு இலக்கியம் என்றால் பிரான்சில் பிறந்தவர்கள் எழுதியது என்றே சொல்லித் தந்திருந்தார்கள். பிரான்சு ஆண்ட நாடுகளில் பிறந்தவர்கள், தங்களை ஆண்டவர்களின் மொழியிலேயே அவர்களைக் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்பது நான் வேலைக்கு வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. புதுச்சேரிக்காரியான எனக்கே தெரியவில்லை என்பது உறுத்தியது. தமிழில் இது வர வேண்டும் என்று நினைத்தேன்.

நாவலின் கதை எளியது. ஒரு கிராமத்துப் பெண்ணின் மகள், மிஷன் பள்ளியில் படித்து, வெள்ளைக்கார அதிகாரியின் அலுவலகத்தில் எழுத்தர் ஆகிறாள். கிராமத்துக் கிணற்றை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. அதைத் திருப்பிக் கேட்க அம்மா அந்த அலுவலகத்துக்கே வருகிறாள். தனக்குத் தெரிந்த கொஞ்சம் பிரெஞ்சில் பேசுகிறாள். அங்கிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டு, அவளை யாரென்றே தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா வீட்டுக்குத் திரும்பி, அன்று மாலை முழுக்கத் தன் தங்கையிடம் பேசுகிறாள். நாவலின் உயிர் அந்த இரண்டு காட்சிகளில்தான் இருந்தது.

அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் ஜமீலா அக்கா அறிமுகமானார். கடைவீதியை ஒட்டிய சந்தில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே பூட்டு, கீல் விற்கும் கடை நடத்தினார். நான் ரவிக்கைத் துணியை எடுத்துக் கொடுக்கும்போது பையிலிருந்த நாவல் மேஜைமேல் விழுந்தது. அவர் அதை எடுத்து, அட்டையில் இருந்த தலைப்பைச் சத்தமாகப் படித்தார். ஒவ்வொரு ஒலியும் அதனதன் இடத்தில் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் உச்சரிப்பைவிட நன்றாக இருந்தது.

அவர் கூச்சத்தோடு புத்தகத்தைத் திருப்பித் தந்து, மார்பளவு எவ்வளவு என்று கேட்டார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. அவர் பிறந்தது அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில். அப்பா தருமபுரிக்காரர். இளம் வயதில் ஒரு உறவினரோடு கப்பலேறி, அங்கே தமிழர் ஒருவரின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, அந்த ஊர்ப் பெண்ணை மணந்தவர். ஆறு வயதில் ஜமீலாவைக் கன்னியாஸ்திரீகள் நடத்திய பிரெஞ்சுப் பள்ளியில், விடுதியில் சேர்த்தார்கள். பன்னிரண்டு வயதில் அப்பா அவரைத் தருமபுரிக்கு அழைத்து வந்துவிட்டார். படுக்கையில் கிடந்த தாயாரை விட்டுவிட்டு வர முடியாமல் அம்மா அங்கேயே தங்கிவிட்டார். பின்னால் வருவதாகத்தான் பேச்சு. வரவில்லை. பிறகு அப்பா இறந்துபோனார். சைகோனிலிருந்து கொண்டுவந்த நான்கு பிரெஞ்சுப் புத்தகங்களை முப்பது வருடங்களாகத் திரும்பத் திரும்பப் படித்து அந்த மொழியைக் காப்பாற்றி வைத்திருந்தார். அது அந்தச் சந்தில் ஒருவருக்கும் தெரியாது.

நாவலை இரவல் கேட்டார். சாக்பீஸ் துண்டை அடையாளத்துக்கு வைத்து வைத்து, பத்து நாளில் படித்து முடித்தார். அதன்பிறகு எனக்குச் சந்தேகம் வந்தால் அகராதியை விட்டுவிட்டு அவரிடம் ஓடினேன். மிஷன் பள்ளிக் காட்சியில் பிள்ளைகள் தோளில் போட்டுக்கொள்ளும் ஒரு துணியை நான் போர்வை என்று எழுதியிருந்தேன். அவர் சிரித்து, அது சீருடையின் ஒரு பகுதி என்று சொல்லி, பழைய துணியில் வெட்டியே காட்டினார்.

சென்னையில் ஒரு பதிப்பாளர் புத்தகத்தை ஏற்றுக்கொண்டார். ஒரு மே மாதம், கல்லூரி விடுமுறையில், அச்சுக்கோத்துப் பிழைதிருத்தப் படிகள் தபாலில் வந்தன. பெருமை தாங்கவில்லை. முதல் ஆளாக அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரம்ஜான் மாதம். கடையில் கழுத்துவரை துணி குவிந்து கிடந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் போனபோது, தைத்த ரவிக்கையையும் படிகளையும் சேர்த்துக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். அச்சு அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நான் விடவில்லை. அலுவலகக் காட்சி எப்படி வந்திருக்கிறது என்று கேட்டேன். அவர் மெஷினில் ஊசியை மாற்றிக்கொண்டே சொன்னார்.

"கோச்சுக்காதீங்க டீச்சர். அந்தம்மா பேசறது, சினிமாவுல எங்க ஆளுங்களைக் கிண்டல் பண்றதுக்குன்னு ஒரு தமிழ் வச்சிருப்பாங்களே, அதுங்க."

நான் எழுதியிருந்தது இதுதான்: 'நம்பள் கிணறு போச்சு சாமி. நிம்பள் பெரிய மனசு பண்ணி நம்பளுக்குக் குடுக்கறான்.' எழுதும்போது எனக்குத் திருப்தியாகவே இருந்தது. இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு கணம்கூட யோசித்ததில்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற இருவர் இருந்தார்கள். அவர்கள் பேசும் பிரெஞ்சைப் பேசிக்காட்டி நாங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்போம். பெரியவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். உடைந்த மொழி என்றால் சிரிக்க வேண்டும் என்று என் காது அங்கேயே பழகிவிட்டது.

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் வாதாடினேன். மூலத்திலேயே அந்த அம்மாள் உடைந்த பிரெஞ்சுதான் பேசுகிறாள், அதைத் தமிழில் வேறு எப்படிக் காட்டுவது என்றேன்.

"ஆபீசுல ஒடஞ்சு பேசறாங்க, சரிங்க. வூட்டுக்கு வந்து தங்கச்சிகிட்டப் பேசறப்பவும் எதுக்குங்க ஒடைச்சு வச்சீங்க? புஸ்தகத்துல அப்படி இல்லீங்களே."

இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். மூலத்தில் அந்த வீட்டுக் காட்சியில் அம்மாவின் பேச்சு அருமையான பிரெஞ்சில் இருந்தது. நீண்ட வாக்கியங்கள், கூர்மையான உவமைகள். அதைப் படித்தபோது, ஆசிரியர் தடுமாறிவிட்டார் என்று முடிவு கட்டினேன். இரண்டு பக்கத்துக்கு முன்னால் நாலு சொல் கோக்கத் தெரியாதவள் திடீரென்று வக்கீல்போலப் பேசலாமா? தமிழ் வாசகர் குழம்புவாரே என்று, அவருடைய தவறை நான் சரிசெய்து, அந்த நாற்பது பக்கத்திலும் அவளை ஒரே மாதிரி 'நம்பள், நிம்பள்' என்று பேசவைத்திருந்தேன். இதை அக்காவிடம் விளக்கமாகச் சொன்னேன்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"டீச்சர், அங்க அவங்க பிரெஞ்சே பேசலைங்க. அவங்க பாஷையில பேசறாங்க."

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெண் தன் மொழியில் பேசுவதை ஆசிரியர் பிரெஞ்சில் எழுதிக் காட்டியிருக்கிறார். அவளுடைய மொழி அத்தனை செழிப்பானது என்பதற்காகவே அந்தப் பிரெஞ்சு அத்தனை செழிப்பாக இருக்கிறது. ஆண்டவர்களின் மொழியில்தான் அவள் ஏழை. அதைச் சொல்வதற்காகவே எழுதப்பட்ட நாவலில், அதை மட்டும் துடைத்து எடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நான் ஒழுங்காக மொழிபெயர்த்திருந்தேன்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூல ஆசிரியர் தவறிவிட்டார் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகி வைத்துவிட்டு ஒரு வாரம் சும்மா இருங்கள். பத்தில் ஒன்பது முறை தவறியவர் அவராக இருக்கமாட்டார்.

நான் எழுந்து போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தேன். அக்கா துணியை மடித்துக்கொண்டே தன் அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதுவரை அவர் சொன்னதில்லை.

விடுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர் வந்து பார்க்கலாம். அதற்கென்று ஓர் அறை. ஒரு கன்னியம்மா உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த அறையில் பிரெஞ்சு மட்டும்தான் பேச வேண்டும். அம்மா சந்தையில் கற்றுக்கொண்ட பிரெஞ்சோடு வருவார். சாப்பிட்டாயா, குளிருகிறதா, வயிறு வலி போயிற்றா. அதற்குமேல் சொற்கள் இல்லாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகளோ கன்னியம்மாவின் காதில் விழட்டும் என்று நீளநீளமாக, வேகவேகமாகப் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அம்மாவுக்குப் புரியாது என்று தெரிந்தே சொல்வாள். வீட்டில், விடுதிக்கு முன்பும் சரி, விடுமுறையிலும் சரி, அப்பா தமிழ்தான் பேசவிடுவார். அம்மாவின் மொழி படுக்கையறையிலும் சமையலறையிலும் கொஞ்சம் காதில் விழுந்ததோடு சரி. கப்பலேறிய பிறகு அதுவும் மறந்துபோனது.

"நூறு வார்த்தை தெரிஞ்ச அம்மாவைத்தாங்க எனக்குத் தெரியும்" என்றார். "அவங்க பாஷையில அவங்க எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியாதுங்க. இந்தப் புஸ்தகத்துல அந்தம்மா வூட்டுக்கு வந்து பேசறதைப் படிச்சப்போ, எங்கம்மாவும் இப்படிப் பேசியிருப்பாங்கன்னு நெனைச்சனுங்க. உங்க தமிழ்ல படிச்சப்போ அந்த அம்மாவும் போயிட்டாங்க."

அன்று மதியம் தபால் நிலையத்தில் காத்திருந்து சென்னைக்கு டிரங்க் கால் போட்டேன். காத்திருந்த நேரத்தில் மனம் என்னென்னவோ சொன்னது. இதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறவர் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாமே? முதல் புத்தகம், இதில் முரண்டு பிடித்தால் இவர் இனி என்னைத் திரும்பிப் பார்ப்பாரா? உங்களுக்கும் இப்படி ஒரு மதியம் வரும். அப்போது யார் கவனிப்பார்கள் என்ற கேள்வி மிகவும் நியாயமானதாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது. ஆனால் கவனித்த ஒருவர் சந்துக்குள் துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதிப்பாளர் கோபக்காரர் இல்லை, ஆனால் நேரம் பார்க்கிறவர். நாற்பது பக்கம் மாற்ற வேண்டும் என்றேன். கோத்த ஈய எழுத்துகளை எத்தனை நாள் கட்டி வைத்திருப்பது, அடுத்த புத்தகத்துக்கு அந்த எழுத்து வேண்டாமா என்றார். நாலு நாள் தருகிறேன், ஐந்தாம் நாள் காலை உங்கள் தாள் வராவிட்டால் இருப்பதை அப்படியே அச்சேற்றிவிடுவேன் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை.

கடைக்கு ஓடினேன். பதிப்பாளர் தந்த நாலு நாளைப் பற்றிச் சொன்னேன், உதவ முடியுமா என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. பெருநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அக்கா குவிந்து கிடந்த துணிகளைப் பார்த்தார். கை நிற்காது, காது சும்மாதானே இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள் என்றார்.

அப்படித்தான் அந்த நாலு நாளும் நடந்தன. காலையில் வீட்டில் எழுதுவேன். பத்து மணிக்குக் கடைக்குப் போய், மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து படிப்பேன். வரி சரியாக இருந்தால் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். சரியில்லை என்றால் நின்றுவிடும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். நான் அடித்துவிட்டு வேறு எழுதிப் படிப்பேன். முதல் நாள் வெயிலில் போய்ச் சேர்ந்ததும் பழக்கத்தில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பிறகுதான் அவர் நோன்பில் இருப்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுநாள் நான் வரும்போது முக்காலிக்கு அருகே தண்ணீர்ச் செம்பு மூடி வைக்கப்பட்டிருந்தது.

அலுவலகக் காட்சி ஒரே நாளில் சரியாகிவிட்டது. தன் அம்மா அந்த விடுதி அறையில் எப்படிப் பேசுவார் என்று அக்கா சொல்லிக் காட்டினார். சொல்லைத் தேடி நிற்பாராம். கிடைத்த சொல்லை இரண்டு கையிலும் ஏந்திக் கொடுப்பதுபோல் மெதுவாகச் சொல்வாராம். அதைக் கேட்டால் சிரிப்பு வராது, அடுத்த சொல் கிடைக்க வேண்டுமே என்று நமக்குப் பதறும் என்றார். 'நம்பள் கிணறு போச்சு சாமி' போய், 'கிணறு. எங்கள் கிணறு. அம்மா தோண்டியது. திருப்பி… திருப்பி வேண்டும்' என்று ஆனது. அதைப் படித்தபோது மெஷின் ஓடியது.

வீட்டுக் காட்சிதான் கழுத்தைப் பிடித்தது. உடைந்த மொழியை விட்டு ஓடியவள் நேராக மேடைத் தமிழில் போய் விழுந்தேன். 'நம் அன்னையின் கரங்கள் அகழ்ந்த கேணியன்றோ' என்கிற அளவுக்குப் போய்விட்டேன். மெஷின் ஓடவே இல்லை. இரண்டாம் நாள் மாலையாகிவிட்டது, ஒரு பக்கம்கூடத் தேறவில்லை. இரண்டு சகோதரிகள் அடுப்படியில் உட்கார்ந்து இப்படியா பேசுவார்கள் என்று அக்கா கேட்டார். வேறு எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. நான் படித்த வீட்டுப் பெண். எங்கள் வீட்டுப் பேச்சிலேயே பாதி பிரெஞ்சு.

கடையில் கொக்கி வைக்கவும் ஓரம் அடிக்கவும் மாதம்மா என்றொருவர் வருவார். ஏரியூர்ப் பக்கம் பிறந்தவர். நான் படிப்பதை இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே வேலை செய்தவர், யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். காட்டுக்குப் போகிற தடத்தை யாரோ வேலி போட்டு அடைத்துவிட, அவர் ஓர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போன கதை.

"அங்க நானு என்னத்தங்க பேசறது? சரிங்க சார், ஆகட்டுங்க சார், அவ்ளோதான். வூட்டுக்கு வந்து எங்கக்காகிட்ட ஆரம்பிச்சனுங்க பாருங்க, அடுப்புல வெச்ச களி கரிஞ்சு போற வரைக்கும் நிறுத்தலைங்க."

அக்காவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மாதம்மா கொக்கியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தார். பிறகு அரைமணி நேரம் பேசினார். அந்தத் தடத்தில் யார் யார் நடந்தார்கள், எந்தப் பிணம் போனது, எந்தப் பெண் தாலியோடு வந்தாள், வேலிக்காரனின் அப்பனே எப்படி அந்தத் தடத்தில்தான் தவழ்ந்து வளர்ந்தான் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக எடுத்துக்கொண்டே போனார். நாங்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். இதே பெண்தான் அந்த அலுவலகத்தில் இரண்டே சொற்களோடு நின்றிருக்கிறார்.

நான் அவருடைய சொற்களை எடுத்துக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்கப் பெண்ணை ஏரியூர்க்காரியாக ஆக்கக் கூடாது, அது இன்னொரு தவறு. அவர் மூச்சு விடுகிற இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். எங்கே வாக்கியம் நீள்கிறது, எங்கே சட்டென்று நிற்கிறது, கோபம் எங்கே கேலியாக மாறுகிறது என்பதை. மறுநாள் காலை எழுத்து தானாக வந்தது. கடையில் உட்கார்ந்து படித்தேன்:

'கிணற்றைத் தோண்டினவளும் போய்விட்டாள், அதில் தண்ணீர் சேந்தினவர்களும் போய்விட்டார்கள். காகிதத்தில் எழுதி வைக்கவில்லை என்கிறான். கயிறு உராய்ந்து உராய்ந்து கல்லிலே தடம் விழுந்திருக்கிறதே தங்கச்சி, அதை எழுதினது யார்? அதை அழிக்க அவனிடம் எந்தக் காகிதம் இருக்கிறது?'

மெஷின் நின்றது. எது தப்பு என்று கேட்டேன்.

"தப்பு இல்லீங்க டீச்சர். நூல் அறுந்துபோச்சு" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. நூல் அறுந்ததாக எனக்குத் தெரியவில்லை. மாதம்மா எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டார்.

நாலாம் நாள் இரவுப் பேருந்தில் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். பதிப்பாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு நின்றுகொண்டே பத்துப் பக்கம் படித்தார். முன்பே ஏன் இப்படி எழுதவில்லை என்று கேட்டார். முன்பு எனக்குக் காது கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் அச்சுக்கோப்பவரைக் கூப்பிட்டுப் பழைய பக்கங்களைக் கலைக்கச் சொன்னார்.

புத்தகம் வந்தது. முதல் பிரதியை அக்காவுக்குக் கொடுத்தேன். முன்னுரையில் அவருக்கு நன்றி சொல்லியிருந்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பீரோவைத் திறந்து ஒரு பழைய உறையை எடுத்து வந்தார். அவருக்குக் கல்யாணமான புதிதில், சைகோனிலிருந்து திரும்பி வந்த ஒருவர் கையில் அம்மா கொடுத்தனுப்பிய கடிதம். வேறு கடிதம் எதுவும் வந்ததில்லை. அம்மாவின் மொழியையும் ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். எழுத்துகளைக் கூட்ட முடியும், பொருள் தெரியாது. இத்தனை வருடமாக யாரிடமும் காட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். திட்டியிருந்தால் என்ன செய்வது என்று பயம் என்றார். வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அது இன்னும் பெரிய பயம். இப்போது கேட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றார்.

புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், தமிழ்ச் சிப்பாய் ஒருவரை மணந்து அந்த நாட்டிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் இருந்தார். எழுபது வயது. அரூர், திருவண்ணாமலை என்று மூன்று பேருந்து மாறி அக்காவை அங்கே அழைத்துப்போனேன். அந்த அம்மாளுக்கு முப்பது வருடப் புதுச்சேரி வாழ்க்கையில் வந்த தமிழ் கொஞ்சம்தான். வாங்க, உக்காருங்க, வெயில் ரொம்ப என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். கடிதத்தைப் பிரித்து, பிரெஞ்சில் சொல்லட்டுமா, தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"அர்த்தம் அப்புறம் சொல்லுங்கம்மா" என்றார் ஜமீலா அக்கா. "மொதல்ல சும்மா படிங்க. அவங்க பேசறதைக் கேக்கணும்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நாலு சொல் கோக்கத் தடுமாறிய அதே வாயிலிருந்து அந்த மொழி ஏறியும் இறங்கியும் தங்குதடையின்றி வந்தது. ஜமீலா அக்கா இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, எதுவும் புரியாமல், ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அந்த அம்மாள் நிறுத்தினார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. கடிதத்தால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"உங்கம்மா… ரொம்ப சிரிப்பு. ரொம்ப, ரொம்ப" என்றார் தமிழில்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்கம்மாங்களா?" என்றார்.

கடிதத்தில் திட்டும் இல்லை, அழைப்பும் இல்லை. பாட்டி இறந்த செய்தி இருந்தது. மாப்பிள்ளை அரிசி சாப்பிடுகிற ஆளா என்ற விசாரிப்பு இருந்தது. நடுவே அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எழுதியிருந்தார். அந்தக் கன்னியம்மா தலையில் இரண்டு பக்கமும் விறைத்து நிற்கும் வெள்ளைத் துணி கட்டியிருப்பார். அம்மாவின் வரிகள் இப்படி: ஒவ்வொரு வாரமும் அறைக்குள் நுழையும்போது நான் அவளைக் குனிந்து வணங்கி, நம் மொழியில் மிகுந்த மரியாதையோடு, 'வெள்ளை வாத்தம்மா, இன்றைக்கு எத்தனை முட்டை?' என்று கேட்பேன். அவளும் தலையை ஆட்டி 'மெர்சி' என்பாள். நீ அப்போது என்னைப் பார்த்து வெட்கப்பட்டுத் தலைகுனிவாய். உனக்குப் புரிந்திருந்தால் நாம் இருவரும் அந்த அறையில் எவ்வளவு சிரித்திருக்கலாம் மகளே என்று எழுதியிருந்தார்.

ஜமீலா அக்கா முதலில் சிரித்தார். பிறகு முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். அது என்ன வணக்கம் என்று தான் கேட்டதே இல்லை, அம்மா கும்பிடு போட்டு நிற்கிறார் என்று கூசிப்போனதாக மட்டும் நினைவிருக்கிறது என்றார். அன்றே அந்த அம்மாளை வைத்து அவர் மொழியிலேயே பதில் எழுதிப் பழைய முகவரிக்கு அனுப்பினோம். மறுமொழி வரவில்லை.

திரும்பும்போது அரூரில் அடுத்த பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கா என்னோடு பேசவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. துஆ ஓதிப் பிரார்த்திக்கிறார் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்தேன். பேருந்து வந்து உட்கார்ந்தபிறகு, என் பக்கம் சாய்ந்து, சரியாக வருகிறதா பாருங்கள் என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாளிடம் கேட்டுப் பழகியிருந்ததை மெல்லச் சொன்னார். வெள்ளை வாத்தம்மா, இன்றைக்கு எத்தனை முட்டை? அந்த மொழி எனக்குத் தெரியாது, எப்படிச் சரிபார்ப்பது என்றேன். பரவாயில்லை என்று இன்னொரு தரம் சொன்னார். தன் அம்மாவின் மொழியில் அவர் முழுதாகக் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் அது.